உப்பேறிய வயலில் நெல் என்ன செய்கிறது?

கடலோரத்தில் உப்பேறிய வயலில் நட்ட நாற்றைக் கவனித்தால் ஒரு விநோதம் தெரியும். காலடியில் நாலு விரல் தண்ணீர் நிற்கும். இருந்தும் உச்சிவெயிலில் இலை சுருண்டு துவண்டுவிடும். தண்ணீர் காணாத பயிருக்கு வரும் அறிகுறிகள் அத்தனையும் அதில் இருக்கும். நோயோ பூச்சியோ என்று நினைத்து மருந்துக்கடைக்குப் போகிறவர்களும் உண்டு. ஆனால் செடிக்கு அது வறட்சிதான். தண்ணீர் இருக்கிறது, எடுக்க முடியவில்லை.

வேரின் செல்களுக்குள் கரைந்திருக்கும் பொருட்கள், மண்நீரில் கரைந்திருப்பதைவிட அடர்த்தியாக இருக்கும் வரைதான் தண்ணீர் உள்ளே வரும். மண்நீரில் உப்பு கூடக் கூட அந்த வித்தியாசம் குறைகிறது. உப்பின் முதல் அடி இதுதான். இதில் கவனிக்க வேண்டியது, உப்பு இன்னும் செடிக்குள் நுழையவே இல்லை என்பது. அதற்குள்ளாகவே இலைத்துளைகள் பாதி மூடிக்கொள்கின்றன, குருத்து வளரும் வேகம் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் குறைந்துவிடுகிறது. புது இலை சிறுத்து வருகிறது, தூர் குறைகிறது. ஆஸ்திரேலியாவின் தாவர ஆய்வாளர் ரானா மன்ஸ் பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்த பிரிவினை இது: உப்பினால் வரும் பாதிப்பு இரண்டு கட்டமாக வருகிறது. முதல் கட்டம் வெளியே இருக்கும் உப்பினால், உடனே. இரண்டாவது, உள்ளே சேர்ந்துவிட்ட உப்பினால். அதற்கு நாட்களோ வாரங்களோ ஆகும். முதிர்ந்த இலைகளின் நுனி வெளுத்துக் காய்வது இரண்டாம் கட்டத்தின் அடையாளம்.

உப்பு எவ்வளவு இருந்தால் "உப்பு நிலம்"? மண்ணைத் தண்ணீரில் குழைத்து, அதிலிருந்து வடித்த நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளப்பார்கள். மண் பரிசோதனை அட்டையில் "மின் கடத்துத்திறன்" என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். அமெரிக்காவின் ரிவர்சைடு உவர்மண் ஆய்வகம் 1954-இல் வெளியிட்ட கையேட்டில் மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸ் என்று கோடு போட்டார்கள். இன்றும் அந்தக் கோடுதான் புழக்கத்தில் இருக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிராம் சாப்பாட்டு உப்பு கரைந்த தண்ணீர் இந்த அளவைக் காட்டும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்புகள் உண்டு, அதன் அளவீடு 50-க்கு மேல் போகும். அதாவது கடல்நீரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத உப்பே பெரும்பாலான பயிர்களுக்குத் தலைவலிதான்.

இலைக்குப் போகும் உப்பின் கணக்கு

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னக் கணக்கு. செடி தன் இலையில் நிறுத்திவைத்துக்கொள்ளும் தண்ணீரைப் போல் சுமார் 50 மடங்கு தண்ணீரை ஆவியாக வெளியே விடுகிறது. தண்ணீர் போய்விடும், அதில் கரைந்து வந்த உப்பு போகாது. வேர் எதையும் தடுக்காமல் மண்நீரை அப்படியே மேலே அனுப்பினால், இலையில் உப்பு மண்நீரைவிட 50 மடங்கு ஏறிவிடும். 4 டெசிசைமன்ஸ் மண்ணிலேயே இலைக்குள் கடல்நீரைப் போல் மூன்று, நான்கு மடங்கு உப்பு சேர்ந்திருக்கும். ஒவ்வொரு இலையும் ஒரு குட்டி உப்பளமாகியிருக்கும்.

அப்படி ஆவதில்லை. ஏனென்றால் எந்தச் செடியின் வேரும் வரும் உப்பில் பெரும்பகுதியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இலையின் உப்பு மண்நீரின் அளவைத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால் 98 சதவீதத்தைத் தடுத்தாக வேண்டும். தாங்காத ரகமும்கூட இதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அப்படியானால் தாங்கும் ரகத்துக்கும் தாங்காத ரகத்துக்கும் என்ன வித்தியாசம்? அந்தக் கடைசி ஓரிரு சதவீதம்தான். 96 சதவீதம் தடுக்கும் வேர் 4 பங்கு உப்பை மேலே விடுகிறது, 98 சதவீதம் தடுக்கும் வேர் 2 பங்கை. தடுப்பதில் இரண்டு சதவீதம் மாறினால் இலைக்குப் போவது பாதியாகிவிடுகிறது. உப்பைத் தாங்கும் ரகம் என்றதும் ஏதோ ஒரு புதுத் திறமை அதற்கு மட்டும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் எல்லாச் செடியும் செய்யும் வேலையை அது கொஞ்சம் கறாராகச் செய்கிறது, அவ்வளவுதான்.

வாசல் எங்கே இருக்கிறது? வேரின் உட்பகுதியில் அகத்தோல் என்ற ஒரு செல் அடுக்கு உண்டு. அந்தச் செல்களுக்கு நடுவிலுள்ள இடுக்குகளைக் காஸ்பாரியன் பட்டை என்ற நீர்ப்புகாப் பூச்சு அடைத்திருக்கும். அதனால் தண்ணீரும் அதில் கரைந்தவையும் இடுக்கு வழியாக நழுவ முடியாது, செல்லின் சவ்வைக் கடந்தே ஆக வேண்டும். சவ்வு எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தேர்ந்தெடுக்கும். நெல்லுக்கு இங்கே ஒரு பலவீனம். பக்கவேர் முளைக்கும் இடங்களிலும் வேர் நுனியை ஒட்டியும் இந்தத் தடுப்பு முழுமையாக இருப்பதில்லை, உப்பு அந்த ஓட்டைகள் வழியே நேராக உள்ளே வருகிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் யோவும் ஃபிளவர்ஸும் 1980-களில் நெல்லை வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார்கள். நெல்லில் சேரும் சோடியத்தில் பெரும்பகுதிக்கு இந்தக் கள்ளவழிதான் காரணம் என்று காட்டினார்கள். மண்ணில் சிலிக்கா கிடைத்தால் இந்தக் கசிவு குறைகிறது என்பதும் பின்னால் தெரியவந்தது.

வாசலைத் தாண்டிவிட்ட உப்பைப் பிடிக்க இன்னொரு காவல் இருக்கிறது. தண்ணீர் மேலேறும் சைலம் குழாயை ஒட்டியுள்ள செல்கள், ஏறிக்கொண்டிருக்கும் நீரிலிருந்து சோடியத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். வங்காளக் கடலோரத்து மரபு நெல்லான நோனா போக்ராவையும் உப்புக்குத் தாங்காத ஜப்பானிய ரகமான கோஷிஹிகாரியையும் கலப்பு செய்து, சீன ஆய்வாளர்கள் 2005-இல் இந்த வேலையைச் செய்யும் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டு ரகங்களிலும் அந்த மரபணு இருக்கிறது. அது உருவாக்கும் புரதத்தில் நாலே நாலு அமினோ அமிலங்கள் மட்டும் வேறு. நோனா போக்ராவின் வடிவம் சோடியத்தை வேகமாகத் திரும்ப இழுக்கிறது.

உள்ளே வந்துவிட்டால்

சோடியம் ஏன் விஷமாகிறது? பொட்டாசியத்தோடு அதற்கு இருக்கும் சாயல்தான் காரணம். செல்லுக்குள் 50-க்கும் மேற்பட்ட நொதிகள் பொட்டாசியத்தை நம்பி வேலை செய்கின்றன, புரதம் தயாரிக்கவும் அது வேண்டும். அந்த இடங்களில் சோடியம் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் வேலையைச் செய்யாது. அதனால் உப்பு ஆய்வில் இலையின் சோடியத்தை மட்டும் பார்ப்பதில்லை, சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்குமான விகிதத்தைப் பார்க்கிறார்கள். கால்சியத்துக்கும் இதில் பங்கு உண்டு. அவரை இனச் செடிகளுக்கு உப்புநீரோடு போதிய கால்சியமும் கொடுத்தால் சோடியம் நுழைவது குறைகிறது என்று 1969-லேயே இமானுவேல் எப்ஸ்டீன் காட்டியிருக்கிறார். கால்சியம் குறைந்த மண்ணில் அதே அளவு உப்பு கூடுதல் சேதம் செய்யும்.

உள்ளே வந்த சோடியத்தைச் செடி என்ன செய்யும்? மூன்று வழிகள். வேர்ச்செல்களிலிருந்து வெளியே மண்ணுக்கே தள்ளிவிடலாம். செல்லின் நடுவே பெரும்பாலான இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வாக்குவோல் என்ற பையில் பூட்டிவைக்கலாம். அல்லது எப்படியும் காயப்போகிற கீழ் இலைகளுக்கு அனுப்பிவிட்டு, கதிரை ஒட்டி வரும் கண்ணாடி இலையையும் கதிரையும் காப்பாற்றலாம். நெல் இந்த மூன்றாவது வழியை நன்றாகவே பயன்படுத்துகிறது. கீழ் இலை காய்ந்த செடியைப் பார்த்து அது தோற்றுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

இதற்கெல்லாம் செலவு உண்டு. வாக்குவோலில் சோடியத்தைப் பூட்டிவிட்டால், செல்லின் மற்ற பகுதியில் அதற்கு ஈடான அடர்த்தியில் வேறு ஏதாவது கரைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அங்கிருந்து வாக்குவோலுக்குப் போய்விடும். அதற்காகச் செடி புரோலின், கிளைசின் பீட்டைன், சர்க்கரைகள் போன்றவற்றைத் தயாரிக்கிறது. ஒரு சோடியம் அயனியைக் கரைபொருளாகப் பயன்படுத்திக்கொள்ள மூன்று, நான்கு ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம் போன்ற மூலக்கூறு) செலவாகும். ஒரு புரோலின் மூலக்கூறு தயாரிக்க 41, கிளைசின் பீட்டைனுக்கு 50, சுக்ரோஸுக்கு ஏறத்தாழ 52. பத்து மடங்குக்கு மேல். இந்தச் செலவுக்கான மாவுச்சத்து தூருக்கும் மணிக்கும் போயிருக்க வேண்டியது. உப்பைத் தாங்கி உயிரோடு நிற்கும் பயிர் ஏன் எதிர்பார்த்த விளைச்சல் தருவதில்லை என்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

எல்லாப் பயிரும் உப்பை வெளியே நிறுத்தித்தான் தாங்குகிறது என்றும் சொல்ல முடியாது. பார்லியோ, டூரம் என்ற கோதுமை வகையைவிட அதிக சோடியத்தை இலைக்குள் விடுகிறது, இருந்தும் அதைவிட நன்றாகத் தாங்குகிறது. உள்ளே விட்டதைப் பூட்டிவைப்பதில் அது கெட்டிக்காரப் பயிர். சர்க்கரைக் கிழங்கு (சுகர் பீட்) கடலோரச் செடியின் வழிவந்தது, பொட்டாசியத்தின் சில வேலைகளுக்கு அது சோடியத்தையே வைத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் அதற்கு உப்பையே உரமாகப் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் தென்னங்குழியில் உப்புப் போடும் வழக்கமும் வெறும் நம்பிக்கை அல்ல. தென்னைக்குக் குளோரைடு கணிசமாகத் தேவைப்படும் என்பது ஆய்வில் உறுதியான விஷயம்.

எது எவ்வளவு தாங்கும்?

பயிர்களை வரிசைப்படுத்திப் பார்க்க 1977-இல் மாஸ், ஹாஃப்மன் இருவரும் தொகுத்த கணக்கு இன்றுவரை கைகொடுக்கிறது. ஒவ்வொரு பயிருக்கும் இரண்டு எண்கள்: எந்த அளவு வரை விளைச்சல் குறையாது, அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசைமன்ஸுக்கும் எத்தனை சதவீதம் குறையும். பார்லிக்கு 8 டெசிசைமன்ஸ், 5 சதவீதம். பருத்திக்கு 7.7, 5.2 சதவீதம். நெல்லுக்கு 3, 12 சதவீதம். மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் 1.7-இலேயே சரிவு தொடங்குகிறது, ஆனால் கரும்பின் சரிவு 5.9 சதவீதம்தான், மக்காச்சோளத்துக்கு 12. நிலக்கடலை 3.2 வரை அசையாது. அதைத் தாண்டியதும் 29 சதவீதம் என்ற கணக்கில் விழும். 5 டெசிசைமன்ஸ் மண்ணில் கடலை பாதிகூடத் தேறாது. பீன்ஸ் 6-இல் கிட்டத்தட்ட ஒன்றுமே தராது, அதே 6-இல் பார்லிக்கு எந்தக் குறையும் இருக்காது.

இந்த அட்டவணையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. கலிபோர்னியா நெல்வயல்களில் அளந்து பார்த்த கிராட்டன் குழு, நெல்லின் விளைச்சல் 1.9-லேயே குறையத் தொடங்குகிறது என்று 2002-இல் எழுதியது. உப்பு ஓர் ஆண்டு முழுக்க ஒரே அளவில் நிற்பதும் இல்லை. ஆடி வெயிலில் 10-ஐத் தாண்டிய வயல் ஐப்பசி மழையில் 2-க்கு இறங்கும். காற்றின் ஈரப்பதமும் கணக்கில் வரும். வறண்ட காற்றில் செடி அதிகத் தண்ணீரை ஆவியாக்குகிறது, கூடவே உப்பும் அதிகம் ஏறுகிறது. ஒரே ரகம், ஒரே மண், ஆனால் மேல்காற்று வீசும்போது வேறு, மழை மூட்டத்தில் வேறு.

நெல்லுக்கு வயதும் முக்கியம். விதை முளைக்கும்போது உப்பைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. இரண்டு மூன்று இலை விட்ட இளநாற்று மிகவும் நொய்மையானது. தூர் கட்டும் பருவத்தில் மறுபடி தாக்குப்பிடிக்கும். கதிர் உருவாகும்போதும் பூக்கும்போதும் திரும்பவும் பலவீனம். அப்போது உப்பு ஏறினால் மகரந்தம் கெட்டு, பச்சைப்பசேலென்று நிற்கும் பயிரில் பதர்தான் மிஞ்சும். இளநாற்றில் தாங்கும் ரகம் பூக்கும்போதும் தாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரண்டையும் ஆளுவது வெவ்வேறு மரபணுக்கள். "உப்பைத் தாங்கும் ரகம்" என்று விதைப்பையில் அச்சிட்டிருந்தால் எந்த வயதில், எந்த அளவு வரை, எந்த வகை உப்பை என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் அந்த வாசகத்துக்கு மதிப்பு இல்லை என்பது என் கருத்து.

பொக்காளியின் கதை

உப்பு நெல் என்றால் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் முதலில் சொல்லும் பெயர் பொக்காளி. கேரளத்தில் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் காயலோர வயல்களில் விளைவது. 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடையில் கடல்நீர் ஏறி இறங்கும் வயல்கள் அவை. அப்போது அங்கே இறால் வளர்ப்பார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் நீரை வடித்து, வயலில் சிறு சிறு மண்மேடுகள் கட்டுவார்கள். ஜூனில் மழை பிடித்ததும் மேட்டிலிருந்து உப்பு கழுவி இறங்கிவிடும். முளைகட்டிய விதையை அந்த மேட்டின் மேல்தான் விதைப்பார்கள். ஒரு மாதம் கழித்து, நாற்று வளர்ந்தபின், மேட்டை வெட்டி நாற்றோடு சேர்த்து வயலெங்கும் பரப்புவார்கள். அக்டோபர் வாக்கில் கதிரை மட்டும் அறுத்துவிட்டுத் தாளை விட்டுவிடுவார்கள், அது அழுகி அடுத்து வரும் இறாலுக்கு இரையாகும்.

இந்த வேலைமுறையைச் செடியின் பக்கமிருந்து பார்த்தால் அதன் கூர்மை புரியும். நெல் மிகவும் பலவீனமாக இருக்கும் இளநாற்றுப் பருவம், உப்பு கழுவப்பட்ட மேட்டில் கழிகிறது. மேடு கலைக்கப்படும்போது பயிர் தூர் கட்டும் வலுவான பருவத்துக்கு வந்துவிடுகிறது. பூக்கும்போது பருவமழை வயலின் உப்பை நீர்க்கச் செய்திருக்கிறது, காற்றிலும் ஈரம். கேரளத்து உழவர்கள் கடல்நீரில் நெல் விளைவிக்கவில்லை. கடல்நீர் இல்லாத நாலைந்து மாதத்துக்குள் நெல்லை நுழைக்கிறார்கள். மீதம் இருக்கும் உப்பைச் சமாளிக்கும் நெல் அவர்களிடம் இருக்கிறது. இதில் ரகத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு மண்மேட்டுக்கும் மழைக்கும் உண்டு.

பொக்காளியின் உடற்கட்டும் உதவுகிறது. இடுப்புக்கு மேல் உயரமாக, வேகமாக வளரும் செடி. உள்ளே வரும் சோடியம் பெரிய உடம்பில் பரவி நீர்த்துப்போகிறது. ஆனால் அதே உயரம் காரணமாகக் கதிர் முற்றும்போது சாய்ந்துவிடும், ஹெக்டேருக்கு இரண்டு டன்னைத் தொடுவதே சிரமம். பசுமைப் புரட்சிக் குட்டை ரகங்கள் உப்பில் திணறுவதற்கு அவற்றின் குட்டை உடம்பும் ஒரு காரணம்.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பொக்காளியைத் தாங்காத ஐஆர் 29 ரகத்தோடு கலந்து, அதன் சந்ததிகளை அலசி, முதலாம் குரோமோசோமில் "சால்டால்" என்று பெயரிட்ட பகுதியைக் கண்டுபிடித்தது. நோனா போக்ராவில் கிடைத்த மரபணுவும் இதே பகுதியில்தான் இருக்கிறது. அப்புறம் பல நாடுகளில் சால்டாலை உள்ளூர் ரகங்களுக்கு மாற்றினார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பூசா பாஸ்மதி 1121-இல்கூட அதைச் சேர்த்திருக்கிறது. பலன் உண்டு, அளவும் உண்டு. சால்டால் முக்கியமாக இளநாற்றைக் காக்கிறது, பூக்கும் பருவத்துக்கு அதைப் பெரிதாக நம்ப முடியாது. ரகங்களைச் சலிக்கும் சோதனையே அப்படித்தான் அமைந்தது: நாற்றுகளை 12 டெசிசைமன்ஸ் உப்புக் கரைசலில் இரண்டு மூன்று வாரம் வைத்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். நாற்றில் சோதித்தோம், நாற்றில் தாங்கும் மரபணு கிடைத்தது. தேடிய இடத்தில்தான் கிடைக்கும்!

களர் என்பது வேறு சிக்கல்

கடலோரத்தையே பேசிக்கொண்டிருந்தால் தமிழ்நாட்டின் பெரிய பிரச்சினை கண்ணில் படாமல் போகும். கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி தமிழ்நாட்டில் உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர். அதில் ஏறத்தாழ 3.55 லட்சம் ஹெக்டேர் களர், உவர் நிலம் 13 ஆயிரம் ஹெக்டேர் அளவுதான். உவரில் கரைந்த உப்பு அதிகம். நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் போய்விடும். களரில் கரைந்த உப்பு குறைவாகவே இருக்கலாம், ஆனால் களிமண் துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும், கார அமில நிலை 8.5-க்கு மேல். அந்த மண்ணில் துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் கலைந்து துளைகளை அடைத்துவிடும். மழை பெய்தால் தண்ணீர் கலங்கி நாள்கணக்கில் நிற்கும், காய்ந்தால் பாறையாக இறுகும். தண்ணீர் கீழே இறங்காத மண்ணை நல்ல தண்ணீரால் மட்டும் கழுவ முடியாது. ஜிப்சம் போட்டு, அதன் கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்த பிறகுதான் வடிக்க முடியும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டால் விடுபட்ட சோடியம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

களரில் செடிக்கு இன்னொரு கஷ்டம். காற்றுப் புகாத மண்ணில் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. ஆக்சிஜன் இல்லாமல் ஏடிபி இல்லை, ஏடிபி இல்லாமல் சோடியத்தை வெளியே தள்ளும் வேலை நடக்காது. தண்ணீர் தேங்கிய உப்பு மண்ணில் கோதுமைக்கு சோடியம் மளமளவென்று ஏறுவது இதனால்தான். நெல்லுக்கு இங்கே ஒரு சாதகம்: தண்டிலிருந்து வேர் வரை காற்றறைகள் இருப்பதால் சேற்றிலும் மூச்சு விடும். உப்புப் பட்டியலில் பலவீனமான பயிர் என்று பெயர் வாங்கிய நெல்தான் களர் சீர்திருத்தத்தில் முதலில் பயிரிடச் சொல்லும் பயிர். நிற்கும் தண்ணீர் உப்பை நீர்க்க வைக்கிறது. வேர் விடும் கரியமில வாயு மண்ணில் கரையாமல் கிடக்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கிறது. காரத்தன்மை துத்தநாகத்தைக் கட்டிப்போட்டுவிடுவதால் நாற்று பழுப்பேறும், ஆகவே களருக்குத் துத்தநாக சல்பேட் கூடுதலாகப் பரிந்துரைக்கிறார்கள்.

திருச்சியில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி களர் நிலத்திலேயே அமைந்தது. டிஆர்ஒய் வரிசை நெல் ரகங்கள் அங்கேதான் உருவாயின. கர்னாலின் சிஎஸ்ஆர் வரிசையும் வடநாட்டுக் களர் நிலங்களை மனதில் வைத்து வந்ததே. களரில் பெயர் எடுத்த ரகம் வேதாரண்யத்து உவரிலும் அதேபோல் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குழியடிச்சான், களர்பாலை, உவர்முண்டான் என்று தமிழகத்து மரபு நெல்களிலும் உப்புக்குப் பேர்போனவை உண்டு. மரபு ரகம் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் உப்புத் தாங்கி என்று விற்பது இப்போது அதிகமாகிவிட்டது, அது சரியல்ல. 2004 டிசம்பர் சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் வயல்கள் பற்றி அப்போது பெரிய பயம் இருந்தது. அடுத்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்ததில் பெரும்பாலான இடங்களில் உப்பு கழுவப்பட்டது. நிலம் தேறியதில் எந்த ரகத்தைவிடவும் மழைக்குத்தான் பங்கு அதிகம். கடல்நீர் வந்துபோனது உவர், களர் அல்ல, அதுவும் மணற்பாங்கான மண்ணில். அதனால்தான் அது சாத்தியமானது.

ஆய்வகத்திலிருந்து வயலுக்கு

2001-இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் பணியாற்றிய எட்வர்டோ புளும்வால்டின் குழு, வாக்குவோலுக்குள் சோடியத்தைத் தள்ளும் மரபணுவைத் தக்காளியில் அதிகமாக இயங்க வைத்தது. கடல்நீரில் பாதிக்குச் சற்றுக் குறைவான உப்பில் அந்தத் தக்காளி காய்த்தது. உப்பெல்லாம் இலையில், பழத்தில் கொஞ்சம்தான். செய்தித்தாள்கள் கொண்டாடின. இன்றுவரை அந்தத் தக்காளி சந்தைக்கு வரவில்லை. சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா குழுவினர் வெண்கண்டல் மரத்தின் மரபணுக்களை நெல்லில் சேர்த்துப் பார்த்தார்கள், அதுவும் வயலுக்கு எட்டவில்லை. இதற்கு மரபணு மாற்றுப் பயிர்களின் மீதான எதிர்ப்பு மட்டும் காரணம் அல்ல. வேர்த் தடுப்பு, சைலத்துக் காவல், வாக்குவோல் பூட்டு, கீழ் இலைத் தியாகம், உடம்பின் அளவு, பூக்கும் பருவம் எல்லாம் தனித்தனி மரபணுக் கூட்டங்கள். ஒன்றை மட்டும் உயர்த்தினால் ஆய்வகத் தொட்டியில் பளிச்சென்று தெரியும், வெயிலும் மழையும் மாறும் வயலில் கரைந்துவிடும். யோவும் ஃபிளவர்ஸும் 1986-இலேயே சொன்னது இதைத்தான்: ஒவ்வொரு குணத்துக்கும் சிறந்த ரகத்தைத் தனியாகத் தேடி, பிறகு ஒரே செடியில் அடுக்க வேண்டும்.

வயல் வரை வந்த நல்ல உதாரணம் கோதுமையில் இருக்கிறது. மன்ஸ் குழு, பழங்காலக் கோதுமை இனம் ஒன்றிலிருந்து சைலத்துச் சோடியத்தைத் திரும்ப இழுக்கும் மரபணுவை வழக்கமான கலப்பு முறையிலேயே டூரம் கோதுமைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவின் உப்பு வயல்களில் 25 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல் கிடைத்ததாக 2012-இல் வெளியிட்டார்கள். உப்பில்லாத வயலில் நட்டமும் இல்லை. இந்தியாவிலோ ராஜஸ்தானின் பாலி மாவட்டத்து உழவர்கள் வைத்திருந்த கார்ச்சியா கோதுமையிலிருந்துதான் கர்னாலின் கேஆர்எல் ரகங்கள் பிறந்தன.

பிச்சாவரம் சதுப்பில் ஒரு காட்டு நெல் வளர்கிறது. அலை ஏறி இறங்கும் சேற்றில் நின்றுகொண்டு, இலையின் மேலுள்ள நுண்மயிர்கள் வழியே உப்பை வெளியே தள்ளும். பயிரிடும் நெல்லுக்கு 24 குரோமோசோம், இதற்கு 48. அதனால் இரண்டும் கலப்பது மிகக் கடினம். 2013-இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐஆர் 56 ரகத்தோடு இதைக் கலந்து, ஆயிரக்கணக்கான முயற்சிகளில் தேறிய ஒரே கருவை ஆய்வகத்தில் வளர்த்து எடுத்ததாக அறிவித்தது. நுண்மயிரோடு, ஆனால் காட்டு நெல்லின் மற்ற குணங்கள் இல்லாமல், சாப்பிடும் நெல்லை உருவாக்க அதைப் பல தலைமுறை திரும்பத் திரும்பக் கலக்க வேண்டியிருக்கும்.

இப்போதைக்கு உப்பு வயலில் நெல் வைப்பவருக்குச் சொல்லப்படும் யோசனைகள் சாதாரணமானவை, அவற்றின் காரணம் மேலே சொன்ன உடலியலில்தான் இருக்கிறது. நாற்றங்காலை நல்ல மண்ணில், நல்ல தண்ணீரில் விடுங்கள். 25 நாள் நாற்றுக்குப் பதில் 35 நாள் நாற்றை நடுங்கள், இளநாற்றுப் பருவத்தின் ஆபத்து நாற்றங்காலிலேயே கடந்துவிடும். உப்பில் தூர் குறையும் என்பதால் குத்துக்கு இரண்டுக்குப் பதில் மூன்று நான்கு நாற்று வையுங்கள். தழைச்சத்தை வழக்கத்தைவிட 25 சதவீதம் கூட்டுங்கள். பூக்கும் வாரத்தில் வயல் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் வற்றும்போதுதான் உப்பின் அடர்த்தி ஏறும். மண் பரிசோதனை அட்டை வந்ததும் மின் கடத்துத்திறனோடு கார அமில நிலையையும் சேர்த்துப் படியுங்கள். முதல் எண் 4-க்கு மேல், இரண்டாவது 8.5-க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் ஜிப்சத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டியிருக்காது.